நெய்மத்தி வந்த ஆண்டும் வராத ஆண்டும்

போரும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து நெருக்கிய 1943ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசு மலபார்க் கரைக்கு ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. மத்திக் குஞ்சுகளை வாரியெடுக்கும் சிறுகண்ணி வலைகளைக் கடலில் இறக்கக் கூடாது. சோற்றுக்கே திண்டாட்டமான நேரத்தில் ஏழைகளின் மீனுக்குத் தடை போடுவது எந்த அரசுக்கும் எளிதல்ல. ஆனால் அதற்குள் கரை வெறிச்சோடிப் போயிருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு தின்றதுபோக, விற்றதுபோக, தென்னைக்கு உரமாகப் போட்டதுபோக மிஞ்சிக் கிடந்த மீன் அது. இப்போது பருவம் முழுக்க வலை போட்டாலும் கண்ணில் படாத மீனாகிவிட்டது.

அந்த மீன் நெய்மத்தி. கேரளத்தில் மத்தி, சாளை என்பார்கள்; தமிழகக் கரையில் பேய்ச்சாளை. 1847இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வாலன்சியென் இதற்கு வைத்த அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். ஒரு சாண் நீளம்கூட முழுதாக வளராத இந்த மீன் எண்ணெய் ஆலைகளையும் ஏற்றுமதியையும் ஓர் அரசுத் துறையையும் உருவாக்கியது. சில ஆண்டுகள் வராமல் இருந்து, அவ்வளவு பேரையும் கலங்க வைத்தது. அதன் வாழ்க்கைக் கணக்கு தெரியாமல் இந்த வரலாறு புரியாது.

தென்மேற்குப் பருவமழை கரையைத் தொடும் ஜூன் மாதத்தில் நெய்மத்தி முட்டையிடத் தொடங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் வரை அது நீளும். ஒரு பெண்மீன் பல பத்தாயிரம் முட்டைகளை விடும். முட்டைகள் நீரில் மிதந்தபடியே ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடுகின்றன. அதே மழைக்காலத்தில் கடலுக்கு அடியிலும் ஒரு வேலை நடக்கிறது. கரையோர மேல்நீரைக் காற்று விலக்கித் தள்ள, ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலேறி வருகிறது. வெயில் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. மத்திக் குஞ்சுக்கு அதுதான் பால். தாய் மீனுக்கும் அதுதான் சோறு.

அதனால்தான் இந்த அசுர வளர்ச்சி. மழைக்காலத்தில் முட்டையாக இருந்தது, செப்டம்பர், அக்டோபரில் விரல் நீளக் குஞ்சாகக் கரையோரம் கூட்டம் போடுகிறது. ஓராண்டில் 15 சென்டிமீட்டரை நெருங்கி, அடுத்த மழைக்கே சினை பிடித்துவிடுகிறது. பெரும்பாலானவை இரண்டு, இரண்டரை ஆண்டுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே எந்த ஆண்டு வலையைத் தூக்கினாலும் அதில் பெரும்பகுதி போன மழையில் பிறந்த மீன்தான். சேமிப்பு என்று கடலில் எதுவும் கிடையாது. ஆடியில் விதைத்ததைக் கார்த்திகையில் அறுத்துவிடும் வெள்ளாமை இது. ஒரு மழைக்காலத்தில் குஞ்சு தப்பவில்லை என்றால் அடுத்த ஆண்டே பஞ்சம். இரண்டு மழை தொடர்ந்து பொய்த்தால் தொழிலே படுத்துவிடும்.

அக்டோபர் தொடங்கி இரண்டு மூன்று மாதம் இந்த மீனின் உடலில் கொழுப்பு ஏறும் காலம். நல்ல பருவத்தில் உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெயாக இருக்கும். சட்டியில் வேறு எண்ணெயே ஊற்றாமல் தன் நெய்யிலேயே பொரிந்துவிடும் என்று மலபார்ப் பெண்கள் சொல்வது வெறும் பெருமைப் பேச்சல்ல.

அரபிக் கடலின் மேற்குக் கரையிலும் இதே மீன் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் அங்கே போன இபின் பதூதா, இன்றைய ஓமானின் தோஃபார்க் கரையில் கால்நடைகளுக்குத் தீவனமாகவே மத்தியைப் போடுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். புல் முளைக்காத பாலைவனக் கரையில் ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் உயிர் கொடுத்தது கடல். மலபாரில் புல்லுக்குப் பஞ்சமில்லை. இங்கே மத்தி தென்னையின் வேருக்கும் வயலுக்கும் போயிற்று. 1865இல் ‘மலபாரின் மீன்கள்’ என்ற நூலை வெளியிட்டவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையின் மருத்துவராகக் கொச்சியில் இருந்தவர். அவர் காலத்திலேயே மத்தி எண்ணெய் கப்பலேறும் சரக்காகிவிட்டது.

ஆனால் எண்ணெய் எடுத்த விதம் கொடுமையானது. பழைய தோணிகளில் மீனைக் கொட்டி வெயிலில் அழுக விடுவார்கள். நாட்கணக்கில் கிடந்து கரைந்த மீனை மிதித்துக் கலக்க, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுப்பார்கள். கறுத்து, நாறி, அமிலம் ஏறிய எண்ணெய். விலையும் அதற்கேற்ற விலைதான். எண்ணெய் எடுக்காதவர்கள் மீனை மணலில் பரப்பிக் காய வைத்து, மணலோடு வாரி உரமாக விற்றார்கள். அப்போது எண்ணெய் முழுவதும் மண்ணுக்குப் போயிற்று; வாங்கியவருக்கு உரத்தோடு மணலும் சேர்ந்து போயிற்று.

இதை மாற்றியவர் பிரெடரிக் நிக்கல்சன். தமிழ்நாட்டுக்கு இவர் புதியவரல்ல. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்க வழி தேடி 1890களில் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தவர். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர். அந்த வேலை முடிந்த கையோடு, ஏறக்குறைய 60 வயதில், 1905இல் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஜப்பானுக்கே போய் அங்குள்ள மீன்பிடித் தொழிலைப் பார்த்து 1907இல் ஒரு குறிப்பை வெளியிட்டார். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை அந்த ஆண்டு பிறந்தது. அதன் கௌரவ இயக்குநராக 1918 வரை இருந்தார்.

மீன் முதலில் மனிதன் வயிற்றுக்கு, மிஞ்சினால் தொழிலுக்கு, அதற்கும் மிஞ்சினால் மண்ணுக்கு என்பதுதான் நிக்கல்சனின் கணக்கு. மலபாரின் தானூரில் அரசுச் சோதனைக் கூடம் வைத்து எளிய முறை ஒன்றைச் செய்து காட்டினார். மீனை அழுக விடாமல் பிடித்த அன்றே அகன்ற கொப்பரையில் நீர்விட்டு வேகவைப்பது. வெந்ததைக் கயிற்றுப் பையில் கட்டித் திருகு அழுத்தியில் பிழிவது. எண்ணெயை நீரிலிருந்து பிரித்துத் தெளியவைப்பது. மிஞ்சிய சக்கையைச் சுத்தமான களத்தில் காயவைத்து உரமாக மூட்டை கட்டுவது. ஒரு கொப்பரை, ஓர் அழுத்தி, ஒரு களம். பெரிய முதலாளி தேவையில்லை. மீனவர்களே சிறு குழுக்களாகச் சேர்ந்து ஆலை போட்டார்கள். மலபாரிலும் தென் கன்னடத்திலும் அப்படிக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

எண்ணெய் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. சணல் நாரை இளக்குவதற்கு, தோல் பதனிடுவதற்கு, எஃகைப் பதப்படுத்துவதற்கு, சோப்புக்கு என்று அதற்கு வேலை நிறைய இருந்தது. சக்கை உரம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் வரை போயிற்று. மலபார்க் கடலில் வளர்ந்த மீனைக் கண்டி மலைச்சரிவுச் செடிகளின் தூரில் இட்டவை தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர்களின் கைகள். தானூரில் மத்தி எண்ணெயை வைத்து நடந்த சோப்புச் சோதனைதான் பின்னர் கோழிக்கோட்டில் 1914இல் அரசின் சோப்புத் தொழிற்கூடமாக வளர்ந்தது. சாலியத்தில் மத்தியைத் தகர டப்பாவில் அடைக்கும் அரசு ஆலையும் நடந்தது.

ஆலைகள் எழும்பிய பிறகுதான் அந்தப் பழைய கேள்வி உறைக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மத்தி ஏன் வருவதில்லை? கரையில் ஆளுக்கொரு விடை இருந்தது. நீராவிக் கப்பல்களின் சத்தம் என்றார்கள் சிலர். கடல் கோபம் என்றார்கள் சிலர். கடன் வாங்கிக் கொப்பரை வைத்தவனுக்கு இந்த விடைகள் போதவில்லை.

ஜேம்ஸ் ஹார்னெல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் ஆராய வந்த மனிதர். இந்தியச் சங்கைப் பற்றி அவர் 1914இல் எழுதிய நூல் இன்றும் தூத்துக்குடிக் கடல் வரலாற்றுக்குத் துணை. 1908இல் மலபார்க் கரையிலும் லட்சத் தீவுகளிலும் கப்பலில் சுற்றி ஆராய்ந்தவர், பின்னாளில் ராமசாமி நாயுடுவுடன் சேர்ந்து 1920களின் தொடக்கத்தில் மத்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பருவந்தோறும் பிடிபட்ட மீனை அளந்து, சினையைப் பார்த்து, வயிற்றைக் கிழித்து உணவை ஆராய்ந்து எழுதிய ஆவணம் அது. மழைக்காலத்தில் முட்டை, நுண்பாசி உணவு, அதிவேக வளர்ச்சி, குறைந்த ஆயுள் என்று இன்று நாம் சொல்லும் அடிப்படைகள் அதிலிருந்து வந்தவை. கப்பலோசையும் கடல் கோபமும் கணக்கிலிருந்து விழுந்தன. ஒவ்வோர் ஆண்டின் மீன்பாடும் முந்தைய மழையின் பிள்ளைப்பேற்றைப் பொறுத்தது என்பது எழுத்தில் ஏறியது.

வயதைக் கணிப்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. குளிர்நாட்டு மீன்களுக்குக் கோடையும் குளிரும் செதிலில் தெளிவான வளையங்களைப் பதிக்கும். வெப்பக் கடலில் அந்த வளையங்கள் தெளிவில்லாதவை. ஓராண்டில் 15 சென்டிமீட்டர் என்று ஒருவர் சொன்னால், இல்லை, 10தான் என்று இன்னொருவர் மறுத்தார். சின்ன வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. கையிலிருக்கும் மீன் ஆறு மாதக் குஞ்சா, இரண்டு வயதுக் கிழமா என்பதைப் பொறுத்தே எதை விடுவது, எதைப் பிடிப்பது என்ற முடிவு அமையும்.

1943இல் வெளிவந்த தேவநேசனின் அறிக்கை இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. சென்னை மீன்வளத் துறையின் கடல் உயிரியலாளர் அவர். மத்தி வரத்தின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன, அதன் வயது என்ன, அது முட்டையிடும் இடம் எது என்று மூன்றையும் ஒருசேர ஆராய்ந்து, கடலில் அதன் முட்டைகளைக் கண்டெடுத்ததையும் பதிவு செய்தார். குஞ்சையும் முட்டையிட்டு ஓய்ந்த மீனையும் ஓயாமல் அள்ளியதே வீழ்ச்சிக்கு வழி என்பது அவர் முடிவு. அரசு சிறுகண்ணி வலைகளுக்குத் தடை போட்டது அந்தச் சூழலில்தான்.

தடை நான்கைந்து ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது. அதைக் கண்காணிக்கப் போதிய ஆள் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. மலபாரும் தென் கன்னடமும் சென்னை மாகாணத்துக்குள்; நடுக்கரையில் கொச்சி, தெற்கே திருவிதாங்கூர் என்று தனித்தனிச் சமஸ்தானங்கள். சென்னை அரசின் ஆணை கோழிக்கோட்டில் செல்லும், கொச்சியில் செல்லாது. மீனுக்கோ எல்லை தெரியாது. வடக்கே விட்ட குஞ்சைத் தெற்கே பிடிக்கலாம் என்றால் எந்த மீனவன் விட்டு வைப்பான்? தவறு தடையின் நோக்கத்தில் இல்லை. அது பாதிக் கரைக்கு மட்டும் போடப்பட்டதில் இருந்தது.

சுதந்திரம் வந்த 1947இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, இரண்டாண்டுகளில் இராமநாதபுரத்தின் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. 1971இல் கொச்சிக்கு இடம்பெயரும் வரை, மேற்குக் கரை மீனைப் பற்றிய ஆய்வுகளின் தலைமையிடம் கிழக்குக் கரையின் இந்தச் சிற்றூர்தான். 1955இல் ஆர்.வி. நாயரும் ஆர். சுப்ரமணியனும் ஓர் அழகான கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். ஃபிராஜிலேரியா ஓசியானிக்கா என்ற நுண்பாசி கடலில் செழித்தால் நெய்மத்தியும் திரளும் என்றார்கள். மத்தி வருமா என்று வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்த இடத்தில், ஒரு சொட்டுக் கடல்நீரை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வழி பிறந்தது. அந்தோணி ராஜா என்ற ஆய்வாளர் இன்னொரு பக்கம் முட்டையிடும் மாதங்களின் மழையளவை ஆராய்ந்து, மழையை வைத்தே அடுத்த பருவத்தின் மீன்பாட்டைக் கணிக்க முயன்றார். நெய்மத்தியைப் பற்றி அவர் 1969இல் எழுதிய தனிநூல், அதுவரை தெரிந்த அத்தனையையும் ஒரே இடத்தில் தொகுத்தது.

அந்த ஆண்டுகளில் மீன்பாடு ஏறி இறங்கிய வேகத்தை நினைத்தால் தலை சுற்றும். 1956இல் நாடு முழுவதும் ஏழாயிரம் டன் சொச்சம்தான். நான்கே ஆண்டில் 1.89 லட்சம் டன். 1968இல் மூன்று லட்சம் டன்னைத் தாண்டியது. இரண்டு ஆண்டில் சாகும், ஓராண்டில் பெருகும் மீனுக்கு மட்டுமே இது கைகூடும். பத்தாண்டு வளர்ந்து சினை பிடிக்கும் சுறாவின் கூட்டம் இப்படி விழுந்திருந்தால் எழுந்து நிற்க ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

இந்த மீட்சி வேகமே பின்னால் ஆபத்தாக முடிந்தது. எப்படியும் வந்துவிடும் மீன் என்ற நம்பிக்கை ஊன்றிவிட்டது. நார்வே உதவித் திட்டத்தின் வழியாக 1950களில் கேரளத்துக்கு இயந்திரப் படகுகள் வந்தன. பருத்தி வலையின் இடத்தை நைலான் பிடித்தது. கர்நாடகக் கரையில் ஊரே கூடி இழுக்கும் ரம்பணி என்ற பெருங்கரைவலை இருந்தது. ஒரு வலைக்குப் பல குடும்பங்கள் பங்காளிகள். கரைக்கு வந்த மீனை மட்டும் அது பிடிக்கும். 1970களில் சுருக்குவலைக் கப்பல்கள் கடலுக்குள்ளேயே கூட்டத்தை மடக்கத் தொடங்கியதும், சில ஆண்டுகளில் ரம்பணிக்கு மீன் வருவது நின்றது. 1980களில் கேரள மீனவர்கள் கைக்கு அதே தத்துவத்தில் வளையவலை வந்தது. தொடக்கத்தில் சிறு வள்ளத்தின் வலை. போகப்போக நீளமும் ஆழமும் கூடி, கூட்டம் முழுவதையும் ஒரே வீச்சில் அடைக்கும் வலையானது.

1994இல் கேரளத்தின் மொத்த மத்தி வரத்து 1,554 டன்னாகச் சுருங்கியது. பிறகு மீண்டது. 2012இல் கேரளத்தில் மட்டும் நான்கு லட்சம் டன்னை நெருங்கி உச்சம் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மறுபடியும் சரிவு. 2015இல் எழுபதாயிரம் டன்னுக்கும் கீழே இறங்கி, 2021இல் 3,297 டன்னில் வந்து நின்றது. கடல் சூடேறியதும் எல் நினோவும் குஞ்சுகளை அள்ளியதும் சேர்ந்து செய்த வேலை இது. கடைசியதில் மீன்மாவு ஆலைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சந்தையில் யாரும் சீண்டாத விரல் நீளக் குஞ்சுக்கும் அங்கே எடைக்கு விலை இருந்தது. விலை இருக்கும்வரை வலையும் போகும். வறுமையில் தவிக்கும் படகுக்காரரை மட்டும் இதற்குக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

இதற்கு நடுவே மீனே ஒரு முடிவெடுத்ததுபோல் கிழக்கே நகர்ந்தது. 1980களின் நடுப்பகுதி வரை தமிழகக் கரையில் பேய்ச்சாளை அபூர்வம்; இங்கே சூடையும் கவலையும்தான் சாளைக் குலத்தின் முகங்கள். அந்தப் பத்தாண்டின் முடிவிலிருந்து வங்கக் கடலோரத்தில் பேய்ச்சாளை திரளத் தொடங்கியது. உள்ளூரில் முள் மீன் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இராமேசுவரத்திலும் இறங்கிய மீன் ஐஸ் பெட்டிகளில் ஏறிக் கேரளத்துக்குப் போனது. மலபாரின் அடுக்களைக்குத் தமிழகக் கடல் மத்தி அனுப்பும் காலம் வரும் என்று நிக்கல்சனோ ஹார்னெல்லோ எண்ணியிருக்க மாட்டார்கள். மீனோடு பழைய சிக்கலும் வந்து சேர்ந்தது. சுருக்குமடி வலை வேண்டும், வேண்டாம் என்று ஊருக்கு ஊர் மோதல்; தமிழக அரசின் தடை; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் கரைக்கு 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி.

கேரளம் 2015இல் மீனுக்கு மீன் குறைந்தபட்ச அளவை அறிவித்தது. நெய்மத்திக்கு 10 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்ததைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 1943இன் விதி எழுபதாண்டு கழித்து வேறு சட்டையில் திரும்பி வந்தது என்றே கொள்ளலாம். 2023இல் நெய்மத்தியின் முழு மரபணுத் தொகுதியையும் இந்திய விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். இந்தியக் கடல் மீன்களில் இந்தச் சிறப்பு முதலில் இதற்குத்தான் கிடைத்தது. 2022 முதல் கேரளத்தில் மத்தி மறுபடியும் லட்சம் டன்னைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வந்ததில் பெரும்பகுதி சிறுத்த மீன். விலை சரிந்ததால் படகுகளுக்கு டீசல் காசுகூடக் கட்டவில்லை என்ற புலம்பல் கரையில் கேட்டது.

10 சென்டிமீட்டர் என்பது முழு நியாயமும் அல்ல. சினை பிடிக்கும் நீளம் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் ஆண்டு முழுக்க உலை எரிய வேண்டிய கரையில் இவ்வளவாவது கட்டாயம் வேண்டும். கேரளத்தில் ஒன்று, கர்நாடகத்தில் ஒன்று, தமிழகத்தில் ஒன்று என்றில்லாமல் மங்களூரு முதல் சென்னை வரை ஒரே அளவாகவும் வேண்டும். கொச்சி எல்லையில் 1943இன் தடை தோற்ற கதை இன்னொரு முறை நடக்கக் கூடாது. வாங்குபவர் கையிலும் இதில் பங்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சந்தைக்குப் போகும்போது, கூறு கட்டி வைத்திருக்கும் பேய்ச்சாளை உங்கள் நடுவிரலைவிடச் சிறிதாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது பிறந்த மழைக்குப் பின் இன்னொரு மழைகூடக் காணாத மீன்.